தாமாக விலகினார்

அந்தச் சிவப்பு வரியைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபகுமாருக்கு எங்கேயாவது போய்த் துப்பிவிட்டு வரலாம் போலிருக்கும். கல்லூரியின் இணையப் படிவத்தில், தலைக்கு மேலே, கண்ணடித்துக் கண்ணடித்து ஓடியது அது. 'பேக்' பட்டனை அழுத்தாதே, பக்கத்தைப் புதுப்பிக்காதே என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, கூடத்தில் நடக்காதே, தரை உள்வாங்கிவிடும் என்று போர்டு மாட்டுவார்களா எவனாவது? இணையத்தில் மாட்டுவார்கள். அதை மாட்டிய கை தன்னுடையதாகவே இருந்ததுதான் அவனுக்கு இன்னும் குமட்டலாக இருந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் ராம்ப்ரஸாத் வீட்டு மாடியில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., ஒரு பெயர்ப்பலகை. கம்பெனி என்றால் அவ்வளவுதான். ராம்ப்ரஸாத் பெங்களூரில் நாலு வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். எந்நேரமும் தட்டையைக் கடித்து, அந்தத் தூளைக் கீபோர்டு சந்துக்குள் உதிர்த்துக்கொண்டே பேசுவான். பேனா மூடியால் காது குடைவான். குடைந்த மூடியைத் திரும்பப் பேனாவில் மாட்டி, அதே பேனாவை நம்மிடம் நீட்டுவான். ஜெபகுமார் தனக்கென்று ஒரு பேனா வைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. பக்கம் பக்கமாகத் திறக்கிற இணையதளமெல்லாம் பழங்கதை, இனி எல்லாம் ஒரே பக்கத்துக்குள், திரை கண் சிமிட்டாமல் மாற வேண்டும் என்பது ராம்ப்ரஸாத் பிடித்த முயல்.

அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. உலாவி என்பது நாம் போன முகவரிகளை வரிசையாக எழுதி வைத்துக்கொள்கிற சாதனம். 'பேக்' அழுத்தினால் அந்த வரிசையில் ஒன்று முன்னே இருந்த முகவரிக்கு நம்மைக் கொண்டுபோய் விடும். படிவத்துக்கு ஐந்து படிகள். ஆனால் ஐந்துக்கும் சேர்த்து முகவரி ஒன்றுதான். நாலாம் படியில் இருக்கிற பிள்ளை, மூன்றாம் படியில் செய்த பிழையைத் திருத்தலாம் என்று 'பேக்' அழுத்தினால், உலாவிக்கு மூன்றும் தெரியாது நாலும் தெரியாது. படிவத்துக்கு முன்னால் அவள் எங்கே இருந்தாளோ அங்கே, கல்லூரியின் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். எழுதினதெல்லாம் போச்சு.

இதை ஜெபகுமார் முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னான். சொன்னது மட்டுமில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மருந்தும் தயாரித்து வைத்தான். முகவரியின் வாலில் ஒரு ஹேஷ் குறி, அதன் பக்கத்தில் படியின் எண். ஒவ்வொரு படிக்கும் வால் மாறும். வால் மாறினால் உலாவி அதைத் தன் வரிசையில் எழுதிக்கொள்ளும். பக்கம் புதிதாகத் திறக்காது. 'பேக்' அழுத்தினால் வால் நாலிலிருந்து மூன்றாகும், அதைப் பார்த்து நம் நிரலும் மூன்றாம் படியை எடுத்துக் காட்டும். பழைய உலாவிகளை ஏமாற்றக் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃப்ரேமையும் பக்கத்துக்குள் ஒளித்து வைத்திருந்தான். எல்லாம் வேலை செய்தது. ராம்ப்ரஸாத் பார்த்தான், தட்டையைக் கடித்தான், அட்மிஷன் சீசன் முடியட்டும், இப்போது எதையும் தொடாதே, ஒரு வார்னிங் போட்டுவிடு என்றான். ஜெபகுமார் போட்டான்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கல்லூரித் தாளாளர் கோதண்டபாணி இன்னும் இரண்டு விஷயங்கள் கேட்டார். மாகறல் போகிற சாலையில் அவருக்குக் கல்லூரி. வாய் நிறைய வெற்றிலையும், மேசைக்கடியில் எச்சில் துப்ப ஒரு பிளாஸ்டிக் மக்கும் வைத்திருப்பவர். பேச்சின் நடுவே குனிந்து அந்த மக்கைத் தேடுவார். எதிரே உட்கார்ந்திருப்பவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கேட்டதில் ஒன்று, மூன்றாம் படியில் 'விடுதி வேண்டும்' என்பது முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்க வேண்டும், வேண்டாதவன் மாற்றிக்கொள்ளட்டும். இன்னொன்று, மதிப்பெண் பட்டியலில் வந்த பிள்ளை படிவத்தைத் திறந்ததும் அவளுக்கான இடம் பிடித்து வைக்கப்படும். பாதியில் பக்கத்தை விட்டு வெளியேறினால் அந்த இடம் உடனே விடுபட்டு நிர்வாக ஒதுக்கீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கிறவர்களுக்காகப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே ஏதாவது மரியாதையான வாக்கியம் வர வேண்டும்.

அந்த மரியாதையான வாக்கியத்தை ஜெபகுமார் எழுதினான். விண்ணப்பதாரர் தாமாக விலகினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் 'தாமாக' நன்றாக விழுந்திருக்கிறது என்று கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டான், வெட்கக்கேடு.

திங்கட்கிழமை உறுதிப்படுத்தும் நாள். கணினி அறிவியலில் அறுபது இடங்கள். சாயங்காலம் பார்த்தால் நாற்பத்தொன்பது பேர் முடித்திருந்தார்கள், பதினோரு பேர் தாமாக விலகியிருந்தார்கள். ராம்ப்ரஸாத் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு சக்ஸஸ் என்றான்.

மறுநாள் காலையில் ஜெபகுமாரின் அக்கா சம்பூர்ணம் வந்தாள். மாடிப்படி ஏறாமல் தெருவிலேயே நின்று கூப்பிட்டாள். அவள் மகள் எப்சிபா அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி. ப்ளஸ் டூவில் ஆயிரத்து எழுபத்திரண்டு. மதிப்பெண் பட்டியலில் எட்டாவதாக வந்த பெண். அவள் அப்பா யேசுதாஸ் பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறவர். பட்டியலில் பெயர் வந்ததைக் கேட்டு அன்றைக்குத் தறி மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். இப்போது மகளோடு பேசுவதில்லை. நோட்டீஸ் போர்டில் தமிழில் தெளிவாகப் போட்டிருக்கிறதே, தாமாக விலகினார் என்று. நானும் உன் அம்மாவும் உயிரை விட்டுப் படிக்கவைத்தால் நீயாகவே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாயா, எவன் சொல்லிக் கொடுத்தான் உனக்கு என்று ஒரே ஒரு தடவை கேட்டாராம். அப்புறம் பேச்சில்லை.

"புள்ள நேத்திலேந்து ஒரு வாய் சோறு துன்னலடா," என்றாள் சம்பூர்ணம். "நான் போவலம்மா, பின்னால போய் திருத்தலாம்னுதாம்மா பார்த்தேன்னு சொல்லிக்கினே அழுவுது. எனக்கு ஒண்ணும் புரியல. நீ கம்ப்யூட்டர்ல இருக்கிறியே, இன்னான்னு பாரேன்."

அந்தப் படிவத்தைச் செய்தது தம்பிதான் என்று அவளுக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு மேலே வந்தான்.

வந்து சர்வர் பதிவேட்டைத் திறந்தான். பதினோரு பேரும் மூன்றாம் படியைத் தாண்டி நாலாம் படியில்தான் வெளியே விழுந்திருந்தார்கள். நாலாம் படியில், அதுவரை கொடுத்த விவரங்களெல்லாம் சுருக்கமாகத் தெரியும். அங்கே 'விடுதி: ஆம்' என்று பார்த்திருப்பார்கள். ஐயோ, நாம் கேட்கவில்லையே என்று 'பேக்' அழுத்தியிருப்பார்கள். அழுத்திய பதினோரு பேரும் பத்துப் பதினைந்து வினாடிக்குள் அதே கம்ப்யூட்டரிலிருந்து திரும்பவும் உள்ளே வரப் பார்த்திருக்கிறார்கள். எப்சிபா ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அவன் எழுதிய வாக்கியம் அவள் மூஞ்சியில் அடித்திருக்கிறது. விலகிப் போகிறவன் ஏழு தடவை கதவைத் தட்டுவானா?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதினொன்றில் ஒன்பது பேருக்குத் தகப்பன் தொழில் நெசவு. அப்படியென்றால் முடித்த நாற்பத்தொன்பது பேரில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் இல்லையா என்று தேடினான். மூன்றே பேர். ஜெபகுமாருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது.

அவனும் பத்தாம் வகுப்பு வரை லீவு நாட்களில் யேசுதாஸோடு தறியில் உட்கார்ந்தவன்தான். தறியில் முதலில் படிகிற பழக்கம் இது. குறுக்கே ஓடுகிற ஊடையில் ஒரு இழை தப்பிவிட்டது என்று தெரிந்தால் அதற்கு மேல் ஒரு இழைகூட ஓட்டக்கூடாது. அந்த இடத்திலேயே நிறுத்தி, தப்பான இழை வரைக்கும் பிரித்து, எத்தனை இழை பிரித்தோமோ அத்தனை அட்டையை, டிசைனைச் சொல்கிற ஜக்கார்டில், பின்னால் திருப்பிவிட்டு அப்புறம்தான் முன்னே போக வேண்டும். தெரிந்தே மேலே நெய்துகொண்டு போனால் சேலை முழுக்கக் குறை. முதலாளி முகத்தில் விட்டெறிவான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் விடுதியா, அப்புறம் ஆபீஸில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று அடுத்ததை அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள். இந்தப் பிள்ளைகளால் அப்படிப் போக முடியவில்லை. ஒழுங்காக வேலை செய்யக் கற்றவர்களாகப் பார்த்துப் பொறுக்கி வெளியே தள்ளியிருந்தது அவன் நிரல். கருமம், அதற்கு அவன் சம்பளமும் வாங்கியிருந்தான்.

ராம்ப்ரஸாத்திடம் பதிவேட்டைக் காட்டினான். அவன் பார்த்தான், காது குடைந்தான். வார்னிங் போட்டிருக்கிறோமே, படிக்காதது அவர்கள் தப்பு என்றான். பதினொன்றும் தாளாளரின் ஆட்களுக்குப் போகப் போகிறது, முதல் இடம் அவர் மைத்துனர் மகனுக்கு, வியாழக்கிழமை ஹாலில் ப்ரொஜெக்டர் வைத்துப் பட்டியலை அறிவிக்கிறார், நீதான் லாப்டாப்போடு போகணும் என்றான்.

"நீ ரொம்ப யோசிக்கற ஜெபா," என்றான் அப்புறம், குரலைத் தேனாக்கிக்கொண்டு. "க்ளையன்ட் ஹாப்பியா இருக்கார். நமக்கென்ன?"

அந்தக் குரலைக் கேட்டபோது மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினது மாதிரி இருந்தது ஜெபகுமாருக்கு. வீட்டுக்குப் போய்க் குளித்தும் போகவில்லை.

வியாழக்கிழமை ஹாலில் கூட்டம். மின்விசிறி சுற்றுகிற சத்தமும் வெற்றிலை வாசனையும். முன்வரிசையில் தாளாளரின் உறவுக்காரர்கள் ஜவ்வாது கமகமக்க உட்கார்ந்திருந்தார்கள். பின்னால், சுவரோரம், அந்தப் பதினோரு குடும்பங்கள். யேசுதாஸ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எப்சிபா அவருக்கு நாலடி தள்ளி நின்றாள். ப்ரொஜெக்டர் பக்கத்தில் மேசை போட்டு ஜெபகுமாரும் ராம்ப்ரஸாத்தும். யேசுதாஸ் மச்சானைப் பார்த்தார். அவன் அங்கே உட்கார்ந்திருப்பது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

கோதண்டபாணி மைக்கைப் பிடித்தார். சுவரில் பட்டியல் விழுந்தது. பதினோரு பெயருக்கு எதிரே பதினோரு தடவை தாமாக விலகினார். ஒவ்வொரு எழுத்தும் அரையடி உயரம். ஜெபகுமார் மேசையைப் பார்த்துக்கொண்டான்.

யேசுதாஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். அதுவும் எதிர்த்துப் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, புள்ள விலகல்லன்னு சொல்லுதுங்க, ஏதோ தெரியாம பண்ணிடுச்சு, பெரிய மனசு பண்ணணும் என்றார். அவர் குரலைக் கேட்டு மற்ற தகப்பன்மார்களும் லேசாக முனகினார்கள். கோதண்டபாணி குனிந்து மக்கைத் தேடித் துப்பிவிட்டு நிமிர்ந்தார். கம்ப்யூட்டருக்கு வேண்டியவர் வேண்டாதவர் உண்டா, அது பொய் சொல்லுமா, அது சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்று மைக்கிலேயே சொன்னார். ஹால் முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு ஜெபகுமாரைக் காட்டி, இதோ கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரே இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

ஜெபகுமார் எழுந்தான். ஆத்திரத்தில் என்ன பேசினாலும் ராம்ப்ரஸாத் இழுத்து உட்கார வைத்துவிடுவான் என்று தெரியும். அதனால் மரியாதையாகவே ஆரம்பித்தான்.

"ஒரு நிமிஷ வேலை சார் இது. உங்க மைத்துனர் பையன் ஃபாரத்தை நீங்களே இங்க நிரப்பிக் காட்டிடுங்க. எவ்வளவு சுலபம்னு இவங்களும் பார்த்துக்குவாங்க."

கோதண்டபாணிக்கு அது பிடித்துவிட்டது. லாப்டாப்பை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் படி, பெயர். இரண்டாம் படி, தகப்பன் பெயர், தொழில். சுவரில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் படியில் ஏதோ இருந்தது. பார்க்காமலே அடுத்ததை அழுத்தினார். நாலாம் படியில் சுருக்கம் வந்தது. விடுதி: ஆம்.

முன்வரிசையில் இருந்த மைத்துனர், "மாமா, ஹாஸ்டல்னு போட்டுட்டீங்களே, நம்ம வீடு ரோட்டுக்கு அந்தாண்டதான இருக்குது," என்றார்.

"திருத்திட்டா போச்சு," என்றார் தாளாளர். கை தானாக மேலே போனது. சிவப்பு வரி கண்ணடித்துக்கொண்டேதான் இருந்தது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. ராம்ப்ரஸாத் பாதி எழுந்து "சார்!" என்றான். அதற்குள் அழுத்திவிட்டார்.

கல்லூரியின் முகப்புப் பக்கம் வந்து நின்றது, அவருடைய புன்னகைப் படத்தோடு. மறுபடி உள்ளே போகப் பார்த்தார். கூடவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். ஜெபகுமார் கையை நீட்டிப் பட்டியலைத் திறந்தான். பன்னிரண்டாவதாக ஒரு வரி ஏறியிருந்தது. மைத்துனர் மகன் பெயர். எதிரே, தாமாக விலகினார்.

பின்னால் யாரோ ஒரு ஆள் அடக்க முடியாமல் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"நான் எங்கய்யா போனேன்?" என்றார் கோதண்டபாணி. மைக் இன்னும் போட்டபடி இருந்தது. "பின்னால போய்த் திருத்தத்தான பார்த்தேன்!"

மூன்று நாளாக ஒரு பெண் சோறு தின்னாமல் சொல்லிக்கொண்டிருந்த அதே சொற்கள். சுவரோரம் யேசுதாஸ் மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். சட்டென்று குரலைத் தாழ்த்தி, இதைச் சரி பண்ண முடியும்தானேப்பா என்று ஜெபகுமாரிடம் கேட்டார். கடவுளே வந்தாலும் முடியாது என்று சொல்லி இன்னும் பத்து நிமிஷம் ஆகவில்லை. அந்த மனுஷனின் உதட்டோரத்தில் வெற்றிலைச் சாறு ஒழுகிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை அவருக்கு. ஜெபகுமார் மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"முடியும் சார். பன்னெண்டு பேருக்கும் சேர்த்துப் பண்ண முடியும். ஒருத்தருக்கு மட்டும் பண்ண முடியாது."

இது உண்மையில்லை. ஒருவருக்கு மட்டும் செய்வது இன்னும் சுலபம். பட்டியலில் ஒரு வரியை அழித்தால் போதும். ஆனால் அது ராம்ப்ரஸாத்துக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். ராம்ப்ரஸாத் ஹாலைப் பார்த்தான், தாளாளரைப் பார்த்தான், காற்று எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டான். ஆமாம் சார், டெக்னிக்கலா அப்படித்தான், கோடெல்லாம் ரெடியா வெச்சிண்டு உங்க அப்ரூவலுக்காகத்தான் வெயிட் பண்ணிண்டிருந்தோம் என்றான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இவனோடு ஒரே அறையில் இனி ஒரு நாளும் உட்காரக்கூடாது என்று ஜெபகுமார் அந்தக் கணத்தில் முடிவு செய்தான்.

கோதண்டபாணி தலையாட்டினார். வேறு வழி இல்லை. மொத்த ஹாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்திருந்ததை ஜெபகுமார் அங்கேயே ஏற்றினான். பன்னிரண்டு பேருக்கும் படிவத்தைத் திரும்பத் திறந்துவிட்டான். இருந்த பதினோரு இடமும் அந்தப் பதினோரு பேருக்கு உரிமை. பன்னிரண்டாவது ஆள் அறுபத்தோராவது ஆளாகி, முன்வரிசையில் ஏதோ சண்டை ஆரம்பித்தது. அதை அவன் கவனிக்கவில்லை. சிவப்பு வரியை எடுத்தான். விடுதிக்குப் போட்டிருந்த குறியையும் எடுத்தான். முதலில் எப்சிபாவைக் கூப்பிட்டான்.

அவள் வந்து உட்கார்ந்தாள். நாலாம் படி வரை போனாள். 'பேக்' பட்டன் மேல் கொண்டுபோன அம்புக்குறி அங்கேயே நின்றது. அழுத்த விரல் வரவில்லை. அழுத்து, ஒண்ணும் ஆகாது என்றான் ஜெபகுமார். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். முகவரியின் வாலில் நாலு போய் மூன்று வந்தது. மூன்றாம் படி, அவள் எழுதினது எழுதினபடி இருந்தது. முன்னே போனாள், பின்னே வந்தாள், மறுபடி முன்னே போனாள். யேசுதாஸ் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அவர் கை அவள் தலையில் இருந்தது.

"அந்த 'தாமாக'ன்னு ஒரு வார்த்தை போட்டாங்களே மாமா," என்றாள் எப்சிபா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அது யாரு எழுதினது? அவரா?"

கோதண்டபாணி எதிரேதான் இருந்தார், குனிந்து மக்கைத் தேடிக்கொண்டு. அவர் மேல் போட்டுவிட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"நான்தான்," என்றான் ஜெபகுமார். "இந்தப் படிவமே நான் செஞ்சதுதான். பேக் அழுத்தினா வெளிய தள்ளும்னு அப்பவே தெரியும்."

யேசுதாஸின் கை மகள் தலையிலேயே நின்றது. எப்சிபா ஐந்தாம் படிக்குப் போனாள். நிதானமாக ஒவ்வொரு வரியையும் படித்தாள். உறுதிமொழிக்கு எதிரே குறி வைத்தாள், கடைசிப் பட்டனை அழுத்தினாள். இடம் உறுதி என்று வந்தது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் அடுத்து நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள், கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி.

"முடிஞ்சிடுச்சு சார்," என்றாள். "எழுந்துக்கலாமா?"